எண்ணெய் வழிவது ஓரிடம், காரணம் வேறிடம்: டெல்டா எஞ்சின்கள் மூச்சுவிட்ட கதை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மொத்தம் 61 நாள். நாகப்பட்டினத்திலும், தஞ்சாவூர் மாவட்டத்துக் கடலோரமான மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரத்திலும் அந்த இரண்டு மாதம்தான் மராமத்துக் காலம். மரம் அடைப்பது, பெயின்ட் அடிப்பது, வலை பின்னுவது எல்லாம் கரையில் நடக்கும்போது, படகுக்குள்ளே ஒருவர் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அங்கே அடிக்கடி காதில் விழும் வாக்கியம்: "சீல் போச்சுண்ணே, மாத்திடலாம்."

பின்பக்க ஆயில் சீல் என்பது ஒரு ரப்பர் வளையம். அதன் விலை சொற்பம். ஆனால் அதைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸைப் பின்னுக்குத் தள்ளணும், பிளைவீலைக் கழற்றணும். செலவு வளையத்துக்கு அல்ல, அதை எட்டுவதற்கு. இவ்வளவும் செய்து தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போனால், சில வாரத்தில் அதே இடத்தில் மறுபடி எண்ணெய் வழியும். "டூப்ளிகேட் சீல் போட்டுட்டான்" என்று கடைக்காரர் மேல் பழி விழும்.

பல நேரம் சீல் மேல் தப்பே இருக்காது. எஞ்சினின் வயிற்றுக்குள் காற்று ஊதிக்கொண்டிருக்கும். வெளியேற வழி தெரியாத காற்று, எண்ணெயையும் கூட்டிக்கொண்டு கிடைத்த சந்து வழியாக வெளியே வரும். நான் சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் எரர் எந்த வரியில் வெடித்தது என்று திரை காட்டும். தப்பு பெரும்பாலும் அந்த வரியில் இருக்காது, நாலு பைல் தள்ளி இருக்கும். ஆயில் லீக்கும் அந்த ஜாதிதான். எண்ணெய் கண்ணுக்குத் தெரிகிறது, காற்று தெரிவதில்லை. அதனால் நாம் எண்ணெயைத் துரத்துகிறோம்.

இந்தக் காற்று எப்படிப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது? அதற்கு ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. அந்தக் கதையில் நம் வயல் பம்புசெட்டுக்கும் நாகை வல்லத்துக்கும் பங்கு உண்டு. கதை தெரிந்தால் பழுது பார்க்கும் வரிசையும் தானாகவே புரியும். அதனால்தான் இந்தக் குறிப்பு.

திறந்த கிராங்க், மூடிய கிராங்க்

கிராங்க் கேஸ் என்பது பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சாஃப்ட் சுழலும் இரும்புப் பெட்டி. அதன் அடித்தொட்டியில், அதாவது சம்ப்பில், ஆயில் கிடக்கும். இன்று பெட்டி இல்லாத எஞ்சினை நினைத்துப் பார்ப்பதே கஷ்டம். ஆனால் ஆரம்பத்தில் பெட்டி கிடையாது. நீராவி எஞ்சின்களில் கிராங்க் வெட்டவெளியில் சுற்றும். ஒரு ஆள் எண்ணெய்க் குவளையோடு பக்கத்திலேயே நின்று சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருப்பார். எண்ணெய் தெறிக்கும், தரையில் ஓடும். அதை யாரும் லீக் என்று சொல்லவில்லை. அதுதான் இயல்பு.

மின்சார டைனமோக்கள் வந்தபோது எஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டியிருந்தது. குவளை எண்ணெய் அதற்குப் போதவில்லை. பர்மிங்காமின் பெல்லிஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆல்பர்ட் பெயின் என்பவர் 1890ல் ஒரு காப்புரிமை பெற்றார். கிராங்கை மூடிய பெட்டிக்குள் வைத்து, ஒரு சின்னப் பம்பால் எண்ணெயை அழுத்தத்தோடு பேரிங்குகளுக்கு அனுப்புவது, வழிந்ததைக் கீழே பிடித்து மறுபடி அனுப்புவது. இன்றைக்கு நம் மோட்டார் சைக்கிள்வரை நடப்பது இதேதான்.

ஆனால் நீராவி எஞ்சினுக்கு ஒரு வசதி இருந்தது. அதில் சிலிண்டர் தனி, கிராங்க் தனி. நடுவே ஒரு தடுப்பு, அதன் வழியாக ஒரு கம்பி மட்டும் ஏறி இறங்கும். டீசல் எஞ்சின் சின்னதாகி, மலிவாகி, வயலுக்கும் படகுக்கும் வந்தபோது அந்தத் தடுப்பு போய்விட்டது. பிஸ்டனே தடுப்பு, அதைச் சுற்றியுள்ள ரிங்குகளே கதவு. மேலே தீ எரிகிறது, கீழே எண்ணெய் கிடக்கிறது, நடுவில் இருப்பது நாலைந்து இரும்பு வளையங்கள் மட்டும். எவ்வளவு புது எஞ்சினாக இருந்தாலும் ரிங்கின் வாய் வழியாகக் கொஞ்சம் எரிந்த வாயு கீழே இறங்கும். இதைத்தான் நம் மெக்கானிக்குகள் "பேக் கம்ப்ரஷன்" என்கிறார்கள். ரிங்கும் லைனரும் தேயத் தேய இது கூடும்.

பெரிய கப்பல்களின் மெதுவான எஞ்சின்களில் அந்த நடுத்தடுப்பு இன்றும் இருக்கிறது. சின்ன எஞ்சின்களுக்கு அந்த வசதி இல்லை. அவற்றுக்கு ஒரு மூக்கு வைத்தார்கள். அதற்குப் பெயர் பிரீதர்.

ஒரு சின்னத் தகடு

டெல்டாவுக்கு எண்ணெய் எஞ்சின் வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அப்போது சென்னை மாகாணத்தில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன், கிணற்று நீரை எண்ணெய் எஞ்சின் வைத்து இறைக்கலாம் என்று ஊர் ஊராகச் செய்து காட்டியவர். தஞ்சை மாவட்டத்தில் அரிசி ஆலைகள் பெருகியதும் அந்தக் காலகட்டத்தில்தான். அன்றைய எஞ்சின்களில் பல கிடைமட்டமானவை. கிராங்க் திறந்தே கிடக்கும். பேக் கம்ப்ரஷன் இருந்தாலும் காற்று நேரே வெளியே போய்விடும். பெட்டி இல்லை, அழுத்தமும் இல்லை.

1934ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. காவிரித் தண்ணீர் வரும் வரை இங்கே இறைப்புக்குப் பெரிய தேவை இல்லை. 1960ல் மத்திய அரசின் தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சாவூர் ஆனது. புது நெல் ரகம், உரம், கூடவே நேரத்துக்குத் தண்ணீர். ஆற்றை மட்டும் நம்பிக் குறுவை நாற்றங்கால் விட முடியாது என்ற நிலை வந்தது. பில்டர் பாயிண்ட் என்று நாம் சொல்லும் ஆழம் குறைந்த குழாய்க் கிணறுகள் பரவின. கரன்ட் எட்டாத வயலில் அதன் தலைமாட்டில் ஒரு ஆயில் எஞ்சின். 1946ல் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் முதல் ராஜ்கோட்டின் சின்னப் பட்டறைகள் வரை பலரும் செய்து அனுப்பினார்கள்.

ராஜ்கோட் எஞ்சின்களின் மூலம், இங்கிலாந்தின் டர்ஸ்லி என்ற சிற்றூரில் லிஸ்டர் நிறுவனம் 1929 வாக்கில் கொண்டுவந்த சி.எஸ். என்ற மாடல். அதில் சின்ன எஞ்சின், ஒற்றைச் சிலிண்டர், 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று. இரண்டு பக்கமும் பெரிய சக்கரம், டுப் டுப் டுப் என்ற சத்தம். டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

அதன் கிராங்க் கேஸ் கதவில் ஒரு சின்ன டப்பா. அதற்குள் ஒரு வட்டத் தகடு. காற்று வெளியே போகும்போது தகடு தூக்கும், உள்ளே வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். ஒருவழிக் கதவு. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத சாமான். ஆனால் அந்த எஞ்சினில் எண்ணெய் வெளியே வராமல் காப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

6 குதிரைத்திறன் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் நாலரை அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரம் ஐந்தரை அங்குலம். பெருக்கினால் 1.43 லிட்டர். பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் இடம் 1.43 லிட்டர் குறைகிறது. ஏறும்போது அதே அளவு கூடுகிறது. நிமிடத்துக்கு 650 தடவை. வெறும் ஓட்டையாக விட்டால் நிமிடத்துக்கு 930 லிட்டர் காற்று அதன் வழியே உள்ளே வெளியே என்று அடிக்கும். தகடு இருந்தால் கதை வேறு. முதல் சில சுற்றில் காற்று வெளியே போகும், திரும்பி வராது. அதன்பிறகு பெட்டிக்குள் சராசரி அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் குறைவாகவே நிற்கும். வெளிக்காற்று எல்லாச் சந்துகளிலும் உள்ளே போகப் பார்க்கும். எண்ணெய் எப்படி வெளியே வரும்?

அந்த எஞ்சின் வடிவமைக்கப்பட்ட காலத்தில் இன்றைய ரப்பர் ஆயில் சீல் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ஜெர்மனியில் பிராய்டன்பெர்க் என்ற தோல் பதனிடும் நிறுவனம் 1930களில்தான் தோலால் செய்த சாஃப்ட் சீலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. செயற்கை ரப்பர் அதற்குப் பிறகு. சீலை நம்ப முடியாத காலத்து ஆட்கள் காற்றை வைத்தே காரியத்தை முடித்தார்கள்.

இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல் வருகிறது. தகடு கரிபிடித்து ஒட்டிக்கொள்ளும்; அல்லது விளிம்பு தேய்ந்து சரியாக உட்காராது; அல்லது கழற்றியவர் திருப்பி மாட்ட மறந்திருப்பார். சம்பாவுக்கு மழை வந்து பம்புசெட் மாசக்கணக்கில் சும்மா நின்றால் குளவி உள்ளே மண்கூடு கட்டிவிடும். எது நடந்தாலும் சாஃப்ட் ஓரத்தில் எண்ணெய் வழியும். "ஓட்டை பெரிசானா காத்து நல்லாப் போகும்ல" என்று தகட்டையே தூக்கி எறிபவர்களும் உண்டு. இந்த எஞ்சினில் அதுதான் லீக்கைத் தொடங்கி வைக்கும். இதற்குத் தேவை பெரிய ஓட்டை அல்ல, ஒருவழி ஓட்டை.

வயல் எஞ்சின் கடலுக்குப் போனது

இந்தியாவில் படகுகளுக்கு எஞ்சின் பரவலாக வந்தது 1950களில். 1952ல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம் கேரளத்தின் கொல்லம் அருகே நீண்டகரையில் வேலையைத் தொடங்கியது. சென்னை மாகாணமும் அந்தப் பத்தாண்டிலேயே விசைப்படகுகளை மீனவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. ஆனால் கட்டுமரமும் வல்லமும் அப்போது பாயையும் துடுப்பையும்தான் நம்பியிருந்தன. அலை உடையும் மணற்கரையில் இழுத்து ஏற்றும் படகுக்கு அடியில் நிலையாக ஒரு புரொப்பல்லரைத் தொங்கவிட முடியாது, மணலில் இடிக்கும்.

1979ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் தொடங்கியது. அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்குகளில் ஒன்று இதுதான். எஞ்சின், தண்டு, புரொப்பல்லர் மூன்றையும் ஒன்றாகச் சாய்த்துத் தூக்கும்படி அமைத்தார்கள். கரைக்கு வரும்போது தூக்கிக்கொள்ளலாம். பின்னால் நம் கடற்கரையில் பரவியது இன்னும் எளிய ஏற்பாடு. காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினைப் படகின் பின்பக்கம் ஒரு அச்சில் உட்கார வைத்து, நீளமான தண்டின் நுனியில் புரொப்பல்லர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். படகுகளும் போயின. நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பகுதி பைபர் படகுகள். அவற்றோடு இந்த வகை எஞ்சின்களும் ஏராளமாக வந்து இறங்கின.

இவை வயலில் பம்பு ஓட்டும் எஞ்சின்களின் நெருங்கிய சொந்தக்காரர்கள். வயலில் எஞ்சின் சிமென்ட் மேடையில் மட்டமாக உட்கார்ந்திருக்கும். கடலில் அது சாய்ந்தே ஓடும். தண்டைத் தூக்கினால் எதிர்ப்பக்கம் சாயும். அலையில் ஆடுவது தனி. எண்ணெய் திரவமாச்சே, அது சாய்வுக்குத் தகுந்தபடி ஒரு பக்கம் கூடும். மட்டத்தில் எண்ணெய்க்கு மேலே இருந்த சீல், சாய்வில் எண்ணெய்க்குள் முங்கும். மட்டத்தில் வெறும் காற்றை விட்ட பிரீதர், சாய்வில் எண்ணெயையே துப்பும். இதில் பழுது எதுவும் இல்லை. எஞ்சின் உட்கார்ந்திருக்கும் விதம்தான் மாறியிருக்கிறது.

பெரிய விசைப்படகுகளிலும் இதுதான் சங்கதி. அங்கே ஓடுபவற்றில் பல, லாரிக்கும் பஸ்ஸுக்கும் செய்த எஞ்சின்களின் கடல் வடிவம். எண்ணூரின் அசோக் லேலண்ட் எஞ்சின்களைத் தமிழகத் துறைமுகங்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். புரொப்பல்லர் தண்டு பின்பக்கம் சரிந்து போவதால் எஞ்சினும் பின்சாய்வாக உட்காரும். 80 செ.மீ. நீளமுள்ள சம்ப், 10 டிகிரி சாய்வு என்று வையுங்கள். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் எண்ணெய் மட்டத்தில் 14 செ.மீ. வித்தியாசம் வரும். டிப்ஸ்டிக் முன்பக்கம் இருந்தால் "ஆயில் கம்மி" என்று காட்டும். நல்ல மனசோடு ஊற்றுவோம். ஊற்றியது முழுக்கப் பின்பக்கச் சீலில் போய் நிற்கும். கிராங்க் அதை அடித்து நுரையாக்கும். சீல் வழியும். "சீல் போச்சுண்ணே."

அதனால் சாய்வில் உட்காரும் எஞ்சினுக்கு டிப்ஸ்டிக் குறியை அந்தச் சாய்விலேயே, கையேடு சொல்லும் அளவு எண்ணெயை ஊற்றிப் புதிதாகப் போட வேண்டும். எவ்வளவு சாய்வு வரை ஓட்டலாம் என்பதையும் தயாரிப்பாளர் கையேட்டில் சொல்லியிருப்பார்.

ஒற்றைச் சிலிண்டரும் ஆறு சிலிண்டரும்

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஒற்றைச் சிலிண்டரில் பிரீதர் வாயில் கை வைத்தால் டுப் டுப் என்று அடிக்கும். அது பிஸ்டன் இடம் மாற்றும் காற்று. நல்ல எஞ்சினும் அடிக்கும். ஆறு சிலிண்டரில் மூன்று பிஸ்டன் ஏறும்போது மூன்று இறங்கும். பெட்டிக்குள் மொத்த இடம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஆகவே ஆறு சிலிண்டர் எஞ்சினின் பிரீதரில் வருவது கிட்டத்தட்ட முழுக்கப் பேக் கம்ப்ரஷன்தான். அங்கே புகையோடு பலமாக ஊதினால் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பம்புசெட் அனுபவத்தை விசைப்படகுக்கும், விசைப்படகு அனுபவத்தைப் பம்புசெட்டுக்கும் அப்படியே கொண்டுபோனால் இரண்டு பக்கமும் தப்பாகும்.

மூன்றாவது ஜாதி ஒன்று இருக்கிறது. படகின் பின்னால் மாட்டும் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு. 1890களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜோசப் டே கண்டுபிடித்த முறை அது. கிராங்க் கேஸையே காற்றுப் பம்பாக்கிவிட்டார். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பெட்டிக்குள் வந்து, பிஸ்டன் இறங்கும்போது அழுத்தப்பட்டு, மேலே சிலிண்டருக்குப் போகும். அங்கே கிராங்க் கேஸ் அழுத்தம் நோயல்ல, உயிர். சீல் போனால் உள்ளே வேண்டாத காற்று புகும், கலவை நீர்த்துப்போகும், பிஸ்டன் சூடேறிக் கருகும். ஒரே பெயருள்ள பெட்டி, நேர் எதிரான நியாயம்.

அப்போ எங்கிருந்து தொடங்குவது?

மேலே சொன்ன கதையை வைத்தே ஒரு வரிசை போடலாம். செலவில்லாதது முதலில், கழற்ற வேண்டியது கடைசியில்.

முதலில் துடைப்பது. எஞ்சினை நன்றாகக் கழுவிக் காய வைத்து, சந்தேகமுள்ள இடங்களில் முகப்பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தால் எது முதலில் நனைகிறது என்று தெரியும். எண்ணெய் கீழே ஓடும், பிளைவீல் காற்றில் பின்னால் பறக்கும். ஆகவே நனைந்த இடங்களில் மிக உயரமானதும் முன்னால் இருப்பதும் எதுவோ அதுதான் ஊற்று. பின்பக்கச் சீல் என்று நினைத்தது, மேலே வால்வு மூடியின் பேக்கிங்காக இருக்கலாம். சிவப்போ தெளிவோ ஆக இருந்தால் கியர்பாக்ஸ் எண்ணெயாக இருக்கலாம்.

இரண்டாவது, எண்ணெய் மட்டமும் குணமும். மட்டம் தானாக ஏறுகிறதா? டீசல் கலந்திருக்கலாம், முகர்ந்தால் தெரியும். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர். இரண்டுமே சீலை மாற்றித் தீராது.

மூன்றாவது, பிரீதர். வலை உப்பும் கரியும் அடைத்திருக்கிறதா, ஹோஸ் மடங்கியிருக்கிறதா, ஒருவழித் தகடு உள்ள எஞ்சினில் தகடு ஆடுகிறதா. கழுவி மாட்டியதுமே பாதி வழக்கு முடிந்துவிடும்.

நான்காவது, காற்றை அளப்பது. கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாயை 'ப' வடிவத்தில் வளைத்து, பாதிக்குத் தண்ணீர் விட்டு, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் இறுக்கமாகச் செருகினால் போதும். மறுமுனை திறந்திருக்கணும். லிஸ்டர் வகையில் தண்ணீர் எஞ்சின் பக்கம் ஏறினால் தகடு வேலை செய்கிறது என்று அர்த்தம். பல சிலிண்டர் எஞ்சினில் வெளிப்பக்கம் எத்தனை செ.மீ. ஏறுகிறது என்று பார்த்துக் கையேட்டோடு ஒப்பிடணும். சும்மா கரையில் ஓட்டிப் பார்த்தால் பயனில்லை. வலை இழுக்கும் சுமையில்தான் உண்மை தெரியும்.

செ.மீ. கணக்கில் தண்ணீர் ஏறுவதெல்லாம் ஒரு அழுத்தமா என்று தோன்றும். 20 செ.மீ. என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு 20 கிராம். 500 சதுர செ.மீ. பரப்புள்ள கதவு ஒன்றின் மேல் அது 10 கிலோ. உள்ளிருந்து 10 கிலோ ஓயாமல் தள்ளினால் பேக்கிங் எத்தனை நாள் தாங்கும்?

ஐந்தாவது, அழுத்தம் அதிகம் என்று உறுதியான பிறகு, எந்தச் சிலிண்டர் என்று தேடுவது. ஓடும்போது ஒவ்வொரு நாசிலின் டீசல் குழாயையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்திப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழி. எதைத் தளர்த்தும்போது பிரீதர் புகை குறைகிறதோ, அந்தச் சிலிண்டரின் ரிங்கோ லைனரோ பிஸ்டனோதான் ஆள். டீசல் பீய்ச்சும் வேகத்தில் தோலைத் துளைக்கும். கையைத் தள்ளி வைத்து, பழகியவர்தான் செய்யணும். பிறகு கம்ப்ரஷன் மீட்டர் வைத்து உறுதி செய்யலாம். டர்போ இருந்தால் அதன் சீலையும், லாரி எஞ்சினோடு வந்த காற்றுக் கம்ப்ரஸர் இன்னும் மாட்டியிருந்தால் அதையும் விலக்கிப் பார்க்கணும். அவையும் பெட்டிக்குள் ஊதும்.

இதெல்லாம் முடிந்து காற்று சரியாக இருந்தும் வழிந்தால், அப்போது சீலை மாற்றுங்கள். சாஃப்டில் சீல் உரசிய இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பள்ளம் இருந்தால் எவ்வளவு நல்ல சீலும் நிற்காது.

பெட்டியை மதிக்காதபோது

இந்த அழுத்தம் வெறும் எண்ணெய்ச் செலவு சமாச்சாரம் என்று நினைத்தால், 1947 செப்டம்பர் 11 அன்று வட அயர்லாந்துக் கடலில் நடந்ததைப் பார்க்கணும். ரீனா டெல் பசிபிகோ என்ற பயணிகள் கப்பல், போர்க்காலச் சேவை முடிந்து பெல்பாஸ்டில் புதுப்பிக்கப்பட்டுச் சோதனை ஓட்டத்தில் இருந்தது. எஞ்சின் அறையில் கிராங்க் கேஸ்கள் வெடித்தன. 28 பேர் இறந்தார்கள். ஏதோ ஒரு பாகம் அளவுக்கு மீறிச் சூடானால் எண்ணெய் ஆவியாகிப் பெட்டிக்குள் வெண்புகையாக நிறையும். காற்றோடு சரியான அளவில் கலந்து சூடான இடத்தில் பட்டால் வெடிக்கும். இந்த விபத்துக்குப் பிறகு பெரிய எஞ்சின்களின் கிராங்க் கேஸ் கதவுகளில் அழுத்தம் விடும் வால்வு வைப்பது பற்றி உலகம் தீவிரமாக யோசித்தது. நம் படகு எஞ்சின் சின்னதுதான். ஆனாலும் சூடேறி நின்ற எஞ்சினின் கதவை உடனே திறக்கக் கூடாது என்ற விதி அதற்கும் உண்டு. ஆறட்டும்.

இன்னொரு முனையில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இந்த மூச்சுக் காற்று நகரத்தையே மூச்சுத் திணற வைத்தது. லாஸ் ஏஞ்சலிஸின் புகைமூட்டத்துக்கு வாகனங்கள் காரணம் என்று ஹாகன்-ஸ்மிட் 1950களில் காட்டினார். எரியாத எரிபொருள் வெளியேறுவதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பிரீதர் வழியாகவே போகிறது என்று தெரிந்தது. 1961 மாடல் கார்களிலிருந்து அங்கே பிரீதர் காற்றை மறுபடி எஞ்சினுக்கே உறிஞ்சக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. இன்றைய படகு எஞ்சின்கள் பலவற்றிலும் பிரீதர் ஹோஸ் காற்று வடிகட்டிக்கே போகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் டீசலில் அதற்கு ஒரு ஆபத்து உண்டு. எண்ணெயை மட்டத்துக்கு மேல் ஊற்றினால், ஹோஸ் வழியாக எண்ணெயே உறிஞ்சப்பட்டு எரியும். டீசலை நிறுத்தினாலும் எஞ்சின் நிற்காமல் வேகமெடுக்கும். காற்றை அடைத்தால்தான் நிற்கும்.

ஆக, திறந்த கிராங்கில் காற்று தானாகப் போனது. மூடிய பெட்டியில் ஒருவழித் தகடு வந்தது. பிறகு ரப்பர் சீல் வந்து, தகடு செய்த வேலையை நாம் மறந்தோம். மேடையில் உட்கார்ந்த எஞ்சின் சாய்ந்து கடலுக்குப் போனது, டிப்ஸ்டிக் குறி மட்டும் மேடையிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் சாமான் மாறியது. அதோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய விளக்கம் வரவில்லை. கடலில் ஐந்தாறு பேரோடு போகும் படகுக்கு அந்த விளக்கம்தான் முக்கியம். எண்ணெய் தீர்ந்து பேரிங் பிடித்துக்கொண்டால் பக்கத்தில் மெக்கானிக் கடை கிடையாது.

டெல்டாவில் உங்கள் வீட்டுக் கொட்டகையில் பழைய ஆயில் எஞ்சின் ஒன்று கிடந்தால், கிராங்க் கேஸ் கதவில் உள்ள அந்த டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்கள். தகடு இருக்கிறதா, ஆடுகிறதா, எதனால் செய்தது என்று எழுதுங்கள். உலோகத் தகட்டுக்குப் பதிலாக நம் ஊர்ப் பட்டறைகளில் என்னவெல்லாம் வெட்டிப் போட்டு ஓட்டினார்கள் என்று ஒரு பட்டியல் சேர்க்க ஆசை.